அரசனுக்குப் பின்னால் நிற்பவர்கள்

படிகள் மிகவும் தாழ்வானவை. ஒவ்வொன்றும் சுமார் 10 சென்டிமீட்டர் உயரம்தான். பக்கத்துக்கு 111 படி. இரு புறமாகப் பிரிந்து ஏறி, நடுவில் திரும்பி, மேலே போய்ச் சேர்கின்றன. குதிரைகள் ஏறுவதற்காக இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு வழிகாட்டி தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கலாம். ஆனால் கணுக்கால்வரை தொங்கும் மடிப்பு அங்கி அணிந்த ஒரு பிரபு, அங்கியைத் தூக்கிப் பிடிக்காமல், மூச்சு வாங்காமல், பக்கத்தில் வருபவரோடு பேச்சையும் நிறுத்தாமல் ஏறுவதற்காக என்று சொன்னால் இன்னும் பொருந்தும். இப்போது அந்தக் கற்படிகளுக்கு மேல் மரப்பலகை போட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் தடதடவென்று ஓடி ஏறுகிறார்கள்.

ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில், ஷிராஸ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், மர்வ்தஷ்த் சமவெளி முடிந்து கூஹ்-இ-ரஹ்மத் என்ற மலை தொடங்கும் இடம் இது. மலையின் காலைச் செதுக்கி, பள்ளத்தைக் கல்லால் நிரப்பி, சுமார் 1,25,000 சதுர மீட்டர் பரப்பில் ஒரு மேடை. கி.மு. 518 வாக்கில் முதலாம் டேரியஸ் தொடங்கினான். மகன் செர்க்சஸும் பேரன் அர்தசெர்க்சஸும் தொடர்ந்து கட்டினார்கள். கிரேக்கர் வைத்த பெயர் பெர்சிபோலிஸ். கட்டியவர்களின் பெயர் ஊர் நினைவிலிருந்து போன பிறகு, மக்கள் இதைக் கதையில் வரும் ஜம்ஷீத் மன்னனின் ஆசனமாக்கிவிட்டார்கள். இன்றும் தக்த்-இ-ஜம்ஷீத் என்றால்தான் டாக்ஸிக்காரருக்குப் புரியும்.

மேலே ஏறியதும் செர்க்சஸின் வாயில். எல்லா நாடுகளின் வாயில் என்று அவனே கல்வெட்டில் பெயர் சொல்லியிருக்கிறான். இரண்டு பெருங்காளைகள் சமவெளியைப் பார்த்து நிற்கின்றன. உட்பக்கம் மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகள் மலையைப் பார்த்து நிற்கின்றன. அவற்றின் விலாவுக்குக் கீழே ஆங்கில எழுத்துகள். லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்த பத்திரிகையாளர் ஸ்டான்லி, அந்தப் பயணத்தின் நடுவே 1870-இல் இங்கே வந்து தன் பெயரையும் தன் பத்திரிகையின் பெயரையும் அழகாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஜான் மால்கமின் பெயரும் இருக்கிறது. பதின்மூன்று பதினான்கு வயதில் சென்னைப் படையில் சேர்ந்து, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்குப் போய், மறு ஆண்டே கவர்னர் ஜெனரலின் தூதராகப் பாரசீகம் வந்தவர் அவர். உண்மையில் இந்த வாயிலுக்குள் போய் வந்த உரிமையுள்ள பிரபுக்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் இந்தச் சுவரில் இல்லை. வழிப்போக்கர்கள் பெயர் இருக்கிறது.

அபதானா என்ற பெரிய சபை மண்டபத்தில் ஒரு காலத்தில் 72 தூண்கள். இப்போது நிற்பவை 13. இருபது மீட்டர் அளவுக்கு உயரமான, மெல்லிய, வரிப்பள்ளம் ஓடும் தூண்கள். கூரை இல்லாததால் இன்னும் உயரமாகத் தெரிகின்றன. எல்லோரும் தலையை நிமிர்த்தி அவற்றைத்தான் படம் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது.

அபதானாவின் கிழக்குப் படிக்கட்டு பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. 1930-களின் தொடக்கத்தில், சிகாகோ பல்கலைக்கழகத்துக்காக இங்கே அகழ்ந்த ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அதை வெளியே எடுத்தார். வெயிலும் மழையும் தின்ற வடக்குப் படிக்கட்டோடு ஒப்பிட்டால் இது நேற்றுச் செதுக்கியது. மேலே ஒரு கூரை போட்டிருக்கிறார்கள். முன்னால் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, கூட்டம் வந்து போவதற்கு வழிவிட்டு, அசையாமல் பார்த்தால்தான் கல் மெல்ல அசையத் தொடங்குகிறது.

வலப்பக்கச் சுவரில் பிரபுக்கள். ஒரு பாரசீகன், ஒரு மேதியன், மறுபடி ஒரு பாரசீகன் என்று மாறி மாறி வருகிறார்கள். பாரசீகனுக்கு மடிப்பு மடிப்பாக விழும் அங்கி, வரிவரியான உயர்ந்த தொப்பி. மேதியனுக்கு ஒட்டிய சட்டை, காற்சட்டை, உருண்டையான கம்பளித் தொப்பி. கையில் பூ, அல்லது மொட்டு. அத்தனை பேரும் அரசனைப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் எவருக்கும் அவசரமில்லை. ஒருவன் முன்னால் போகிறவனின் தோளில் கை வைக்கிறான். இன்னொருவன் திரும்பிப் பின்னால் வருகிறவனின் கையைப் பிடித்துக்கொள்கிறான். ஒருவன் தாடியைத் தொட்டுக்கொண்டு ஏதோ யோசிக்கிறான். கல்யாண வரவேற்பில், மொய்க் கவரைப் பையில் வைத்துக்கொண்டு மேடைக்கான வரிசையில் நிற்கிற உறவினர்கள் இப்படித்தான் பேசிக்கொண்டு நகர்வார்கள். வரிசை நகர்கிறது என்பதே பேச்சில் மறந்துபோயிருக்கும்.

ஒன்றைக் கவனிக்கக் கொஞ்ச நேரமாகிறது. எல்லோருக்கும் ஒரே முகம். ஒரே மூக்கு, ஒரே கண், சுருள் சுருளாக ஒரே தாடி. கையின் நிலை மாறுகிறது, தலை திரும்பும் கோணம் மாறுகிறது, முகம் மட்டும் மாறவில்லை. அரசனின் முகத்துக்கும் இவர்கள் முகத்துக்கும்கூடப் பெரிய வித்தியாசம் கிடையாது. தாடி நீளம்தான் வேறு. செதுக்கியவனுக்குத் திறமை போதவில்லை என்று சொல்ல முடியாது. காதுத்தொங்கட்டானையும் வாளுறையின் முடிச்சையும் இத்தனை நுணுக்கமாக வெட்டியவனுக்கு ஒரு மூக்கை மாற்றத் தெரியாதா? இங்கே நிற்பது பதவி. அதில் இருந்த ஆளைக் காட்டு என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை.

இடப்பக்கச் சுவரில் 23 நாட்டுக் குழுக்கள். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவில் ஒரு சைப்ரஸ் மரம். குழுத் தலைவனை ஒரு சபை அலுவலன் கையைப் பிடித்து அழைத்துப் போகிறான். மறு கையில் கோல். இழுத்துப் போவதில்லை, முன்னால் தள்ளுவதும் இல்லை. கை கோத்திருக்கிறது, அவ்வளவுதான். அசிரிய அரண்மனைச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே வெட்டுண்ட தலைகளை எண்ணிக் குவிப்பார்கள். இங்கே ஒருவர்கூட மண்டியிடவில்லை. வென்றவன் தன் பேரரசை இப்படி நினைவில் வைக்க ஆசைப்பட்டான் என்பதற்கு மேல் இதைப் படிக்கக் கூடாது. வரி வரிதான். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாங்கினாலும் அது வரிதான்.

லிடியர் கிண்ணங்களும் கைவளைகளும் கொண்டுவருகிறார்கள். அயோனியக் கிரேக்கர் மடித்த துணியும் நூலுருண்டையும். பாக்ட்ரியர் இரட்டைத் திமில் ஒட்டகம். கூர்த்தொப்பிச் சாகர்கள் குதிரையோடு வருகிறார்கள். அரசன் முன்னிலைக்குப் போகும்போதும் இடுப்புக் குத்துவாளைக் கழற்றவில்லை. ஈலமியர் ஒரு பெண்சிங்கத்தைக் கயிற்றில் பிடித்து வருகிறார்கள். பின்னால் இரண்டு பேர் அதன் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி வருகிறார்கள். சிங்கம் கழுத்தை முழுதாகத் திருப்பிக் குட்டிகளைப் பார்க்கிறது. வாய் திறந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்கள் நடக்கும் இந்தச் சுவரில் இருக்கும் ஒரே பெண் அது.

சிந்துப் பகுதியிலிருந்து வந்த குழுவை அடையாளம் காண நமக்கு எவர் உதவியும் தேவையில்லை. இடுப்பில் வேட்டி, மேலே வெற்றுடம்பு. ஒருவன் தோளில் காவடித்தண்டு, இரு முனையிலும் கூடை. கூடைக்குள் இருப்பது பொன் தூள் என்று கருதுகிறார்கள். இந்தியர் ஆண்டுக்கு 360 தாலந்து பொன் தூள் கட்டியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குக் கொடுக்கிறார். பின்னால் ஒரு கழுதை, கோடரிகள் ஏந்திய ஒருவன். கழுதையின் முகத்தில் மட்டும் இந்த ஊர்வலத்தின் கம்பீரம் ஒட்டவில்லை.

இரண்டு வரிசைகளும் சேரும் நடுப்பலகையில் அரசன் இருக்க வேண்டும். இல்லை. ஈட்டி பிடித்த காவலர்கள் எதிரெதிராக நிற்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை பொருளோடு, நின்று வெறிக்கும் சிப்பாய்களைப் பார்க்கவா வந்தார்கள்?

அரசனைப் பெயர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். ஹெர்ட்ஸ்ஃபெல்டுக்குப் பிறகு அகழாய்வை நடத்திய எரிக் ஷ்மித், 1936-இல் கருவூலக் கட்டடத்தில் இரண்டு பெரிய சிற்பப் பலகைகளைக் கண்டார். அவை அபதானாவின் வடக்குக்கும் கிழக்குக்கும் உரிய நடுப்பலகைகள் என்பது பின்னால் நடந்த ஆய்வில் தெரிந்தது. ஒன்று இப்போது தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்தில். மற்றது இங்கேயே கருவூலத்தில். உட்கார்ந்திருப்பவன் டேரியஸ் என்று முதலில் சொன்னார்கள். செர்க்சஸ் என்பவர்கள் இப்போது நிறைய. பின்னால் பட்டத்து இளவரசன், அவன் பின்னால் துண்டு ஏந்திய ஒருவன், அடுத்துக் கோடரியும் வில்லுறையும் ஏந்திய ஆயுததாரி. ஆயுததாரியின் இடுப்பில் தொங்கும் வாளுறையில் ஓர் அங்குல இடம்கூட வெறுமையாக இல்லை. அரசனுக்கு முன்னால் இரண்டு தூபக்கால்கள். அவற்றுக்கு அப்பால் மேதிய உடை அணிந்த உயர் அதிகாரி ஒருவன், சற்றே குனிந்து, வலக்கையை வாயருகே கொண்டுபோய், எதையோ அறிவிக்கிறான்.

செர்க்சஸ் கி.மு. 465-இல் படுக்கையறையில் கொல்லப்பட்டான். செய்தது காவற்படைத் தலைவன் அர்தபனஸ் என்று கிரேக்க நூல்கள் சொல்கின்றன. பலகைகள் இடம் மாறியதை இந்தக் கொலையோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. நேற்றுவரை பேரரசனுக்குப் பக்கத்தில் நின்ற முகம் இன்று பார்க்கச் சகிக்காததாக ஆகிவிட்டால் கல்லைத்தான் மாற்ற வேண்டும். குனிந்து நிற்கிறவனின் பெயரும் ஆயுததாரியின் பெயரும் பலகையில் எழுதப்படவில்லை.

பெயர்கள் வேறோர் இடத்தில் இருந்தன. மேடையின் வடகிழக்கு மூலையில், கோட்டைச் சுவரில் அடைக்கப்பட்டிருந்த அறைகளில், 1933-இல் மண்தகடுகள் கொட்டிக் கிடந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் களிமண் துண்டுகள், உடைந்தவையும் சேர்த்துப் பல்லாயிரம். பெரும்பாலும் ஈலமிய மொழி, கொஞ்சம் அரமேயம். டேரியஸ் காலத்தில், கி.மு. 509 முதல் 493 வரை எழுதப்பட்டவை. போர் இல்லை, வெற்றி இல்லை, கடவுள் புகழ் இல்லை. யாருக்கு எவ்வளவு மாவு, எத்தனை ஆடு, எந்தக் கிடங்கிலிருந்து, யார் உத்தரவில் என்பதுதான் முழுக்க. அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஹாலக் பல்லாண்டு உட்கார்ந்து படித்து, 1969-இல் 2,087 தகடுகளை வெளியிட்டார். பல்லாண்டு ரேஷன் கணக்கைப் படிக்கும் பொறுமை எத்தனை பேருக்கு வரும்? ஆய்வுக்காகக் கடனாகச் சிகாகோ போன இந்தத் தகடுகளை, வேறொரு வழக்கின் இழப்பீட்டுக்காக ஏலம் விட வேண்டும் என்றுகூட ஒரு கட்டத்தில் கேட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் மறுத்துவிட்டது.

இந்தத் தகடுகளில் அடிக்கடி வரும் பெயர் பர்னகா. பாரசீகத்தின் தாய்நிலம் முழுவதற்கும் கிடங்குகள், ஆட்கள், மந்தைகள் எல்லாவற்றையும் நிர்வகித்தவன். அவனுடைய ஒரு நாள் பங்கு: 2 ஆடு, 90 அளவை திராட்சை மது, 180 அளவை மாவு. ஓர் அளவை ஏறத்தாழ ஒரு லிட்டர். அவன் ஒருவன் வயிற்றுக்கு அல்ல என்பது வெளிப்படை. அவனை நம்பி ஒரு பெரிய பரிவாரம் சாப்பிட்டிருக்க வேண்டும். கூலியாளுக்கு மாதம் முழுவதற்குமே 30 அளவை பார்லிதான். பிள்ளை பெற்ற வேலைக்காரிக்குச் சிறப்புப் பங்கு உண்டு. ஆண்பிள்ளை என்றால் பெண்பிள்ளைக்குக் கொடுப்பதைப்போல இரு மடங்கு. அதே கணக்கில் பெண்கள் குழுக்களை மேற்பார்த்த தலைவிகள் மாதம் 50 அளவை தானியமும் 30 அளவை மதுவும் வாங்குகிறார்கள், ஆண்கள் பலரைவிட அதிகம். படிக்கட்டுச் சுவரில் சிங்கம் ஒன்றுதான் பெண். மண்ணில் இத்தனை பெண்கள்.

பர்னகாவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கி.மு. 500 ஜூன் மாதத் தொடக்கத்தில் தேதியிட்ட இரண்டு கடிதங்களில், உத்தரவின் முடிவில் ஒரு குறிப்பு: முன்பு இருந்த முத்திரை தொலைந்துவிட்டது, இனி இதில் பதித்திருப்பதுதான் என் முத்திரை. அவ்வளவுதான். ஆயுதங்கள், அங்கிகள், தூபம், பூ, கைகோத்தல் எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு பெரிய மனிதர் தன் முத்திரையைத் தேடி வீட்டையே கவிழ்த்துப் போட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. புதியது செய்துகொண்டு, எல்லாக் கிடங்குகளுக்கும் தகவல் சொல்ல வேண்டியிருக்கிறது. பழையது எவன் கையிலாவது சிக்கினால் மாவும் மதுவும் போய்விடும். புது முத்திரையில் அர்சாமின் மகன் பர்னகா என்று அரமேய எழுத்து. டேரியஸின் தாத்தா பெயரும் அர்சாம்தான். ஆகவே இவன் அரசனின் சிற்றப்பனாகவோ பெரியப்பனாகவோ இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து.

அரசன் சொன்னதை இவன் கீழே கடத்துகிறான். அரசி இர்தஷ்டூனாவுக்கு என் சொந்தப் பண்ணையிலிருந்து 100 ஆடு கொடு என்று டேரியஸ் சொல்கிறான். அரசன் எனக்குச் சொன்னபடி உனக்குச் சொல்கிறேன் என்று பர்னகா மந்தைத் தலைவனுக்கு எழுதுகிறான். கிரேக்கர் ஆர்டிஸ்டோனே என்று எழுதிய சைரஸின் மகள் இவள்தான். டேரியஸ் அதிகம் நேசித்த மனைவி, அவளுக்குப் பொன்னால் சிலை செய்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். பொன் சிலையைக் காணோம். ஆட்டுக் கணக்கு இருக்கிறது.

மாரத்தான் போருக்குப் படை நடத்திய தாதிஸ் என்ற மேதியத் தளபதியும் இங்கே ஒரு கணம் தலைகாட்டிப் போகிறான். கி.மு. 494-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சார்டிஸ் நகரிலிருந்து அஞ்சல் சாலை வழியாக அரசனைப் பார்க்க விரைகிறான். வழியில் ஹிடாலி என்ற தங்குமிடத்தில் 70 அளவை பீர் வாங்கியதாகப் பதிவு. அயோனியக் கிரேக்கரின் கலகம் உச்சத்தில் இருந்த குளிர்காலம் அது. பைக்குள் என்ன செய்தி இருந்ததோ, கிடங்குக்காரனுக்கு அது வேலையில்லை. அனுமதிச் சீட்டைப் பார்த்தான், பீரை அளந்து ஊற்றினான். நான்கு ஆண்டு கழித்து இதே ஆள் நூற்றுக்கணக்கான கப்பல்களோடு ஏஜியன் கடலைக் கடந்தான்.

அரசனுக்குப் பின்னால் நிற்பது எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதைப் பார்க்க, இங்கிருந்து வடமேற்கே வெகுதூரம் போக வேண்டும். கெர்மான்ஷா அருகே பெஹிஸ்தூன் மலை. பாபிலோனிலிருந்து எக்பதானா போகும் பழைய சாலைக்கு மேலே செங்குத்தான பாறையில், எவர் கைக்கும் எட்டாத உயரத்தில் டேரியஸ் நிற்கிறான். காலடியில் மல்லாந்து கிடப்பவன், அரியணையைப் பிடித்துக்கொண்டதாக அவன் குற்றம்சாட்டும் கௌமாதா. எதிரில் கழுத்துகளில் ஒரே கயிறு ஓட, கைகள் பின்னால் கட்டப்பட்டு, கலகக்காரர் ஒன்பது பேர். கடைசியில் நிற்கும் கூர்த்தொப்பிக்காரன் ஸ்குன்கா பின்னால் சேர்க்கப்பட்டவன். அவனுக்கு இடம் பண்ணுவதற்காக எழுதிய எழுத்தையே வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

அரசனுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவன் கையில் வில், ஒருவன் கையில் ஈட்டி. பெயர் எழுதவில்லை, வில் பிடித்தவன் இன்டஃபெர்னஸ், ஈட்டி பிடித்தவன் கோப்ரியாஸ் என்று கொள்வது வழக்கம். கி.மு. 522-இல் கௌமாதாவைக் கொல்ல உடன் வந்த ஆறு பிரபுக்களின் பட்டியலைக் கல்வெட்டு தருகிறது. முதல் பெயர் இன்டஃபெர்னஸ். மறு ஆண்டு பாபிலோன் மீண்டும் கிளர்ந்தபோது படையோடு அனுப்பப்பட்டவனும் அவன்தான். எனக்குப் பின் அரசாளுபவன் இந்த ஆறு பேரின் குடும்பங்களையும் நன்றாகக் காக்க வேண்டும் என்று டேரியஸ் பாறையில் கேட்டுக்கொள்கிறான்.

இன்டஃபெர்னஸின் குடும்பத்துக்கு நேர்ந்ததை ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அந்த ஆறு பேரும் முன்னறிவிப்பு இல்லாமல் அரசனிடம் போகலாம்; அரசன் மனைவியோடு இருக்கும் நேரம் மட்டும் விலக்கு. ஒரு நாள் இன்டஃபெர்னஸ் வந்தான். அது விலக்கான நேரம் என்று காவலாளியும் ஏவலாளும் தடுத்தார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைத்து இருவரின் காதையும் மூக்கையும் அறுத்து, குதிரைக் கடிவாளத்தில் கோத்து, அவர்கள் கழுத்திலேயே கட்டிவிட்டுப் போனான். காயத்தோடு வந்தவர்களைப் பார்த்த டேரியஸுக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகம். ஆறு பேரும் கூடிச் செய்ததோ என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து மனத்தை ஆழம் பார்த்தான். இல்லை என்று தெரிந்த பிறகுதான் இன்டஃபெர்னஸையும் ஆண்மக்களையும் உறவினரையும் பிடித்துக் கொலைக்கு வைத்தான். அவன் மனைவி அரண்மனை வாசலில் வந்து வந்து அழுதாள். ஓர் உயிரைக் கேட்டுக்கொள் என்றான் அரசன். அவள் தம்பியையோ அண்ணனையோ, தன் கூடப்பிறந்தவனைக் கேட்டாள். கணவன் இன்னொருவன் கிடைக்கலாம், பிள்ளைகளும் பிறக்கலாம், பெற்றோர் இறந்துவிட்டதால் உடன்பிறப்பு இனிக் கிடையாது என்பது அவள் வாதம். டேரியஸ் மெச்சி, மூத்த மகனையும் சேர்த்து விட்டான். மற்றவர்கள் அத்தனை பேரும் செத்தார்கள்.

பெஹிஸ்தூனில் வில் பிடித்தவன் இன்னும் நிற்கிறான். அவ்வளவு உயரத்தில் ஏறி அழிக்க எவருக்கும் வேலை இல்லை போலும்.

கோப்ரியாஸ் வேறு வகை. கௌமாதாவைக் கொன்ற இருட்டறையில் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு புரண்டவன் இவன். டேரியஸ் வாளோடு தயங்கி நிற்க, இரண்டு பேரையும் சேர்த்துக் குத்தினாலும் சரி, குத்து என்று இவனே சொன்னதாகக் கதை. தன் மகளை டேரியஸுக்குக் கொடுத்தான், டேரியஸின் சகோதரியைத் தான் மணந்தான். சித்தியர் ஒரு பறவை, ஒரு எலி, ஒரு தவளை, ஐந்து அம்புகள் அனுப்பியபோது, அவர்கள் பணிகிறார்கள் என்று அரசன் மகிழ, பறந்தோ, மண்ணுக்குள் புகுந்தோ, தண்ணீரில் குதித்தோ தப்பாவிட்டால் அம்பு நிச்சயம் என்று பொருள் சொன்னதும் இவன்தான். அரசனுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லியும் இடம் இழக்காதவன்.

அவனைப் பெயரோடு பார்க்க நக்‌ஷ்-இ-ருஸ்தம் போக வேண்டும். பெர்சிபோலிஸிலிருந்து சில கிலோமீட்டர்தான். செங்குத்துப் பாறையில் சிலுவை வடிவில் வெட்டிய நான்கு அரச கல்லறைகள். டேரியஸின் கல்லறையில் முப்பது நாட்டார் ஒரு பெரிய மேடையைக் கைகளில் தாங்குகிறார்கள். அதன்மேல் அரசன் வில்லூன்றி நின்று தீயை வணங்குகிறான். தாங்குகிறவர்கள் எந்தெந்த நாட்டார் என்று எழுதியிருக்கிறது. பக்கவாட்டில், அரசனுக்குப் பின்னால், ஈட்டியோடு ஒருவன். தலைக்கருகே எழுத்து: டேரியஸின் ஈட்டி தாங்கும் கோப்ரியாஸ். கீழே வில்லுறையோடும் கோடரியோடும் ஒருவன்; அஸ்பதினஸ் என்று பெயர். இத்தனை சிற்பங்களில், பிரபுக்களுக்கு அரசன் பெயர் எழுத விட்ட இடம் இது. முகம் என்னவோ இங்கேயும் அதே முகம். வில்லுக்குரியவனாக இன்டஃபெர்னஸ் நின்ற இடத்தில் அஸ்பதினஸ் நிற்கிறான்.

கோப்ரியாஸின் மகன் மர்டோனியஸ். டேரியஸின் மகளைப் புதிதாக மணந்தவனாக, கி.மு. 492-இல் கிரேக்கப் படையெடுப்புக்குத் தலைமை ஏற்றான் என்கிறார் ஹெரோடோட்டஸ். அரசன் மகளான மர்டோனியஸின் மனைவி பயணம் போனபோது வாங்கிய பங்கை ஒரு மண்தகடு கி.மு. 498-லேயே பதிந்திருக்கிறது. ஆக, மாப்பிள்ளை அப்படிப் புதியவனல்ல. ஏதோஸ் முனையில் புயல் அவன் கப்பல்களை நொறுக்கியது. கி.மு. 479-இல் பிளாட்டியாவில் வெள்ளைக் குதிரைமேல் இருந்து போரிட்டு மாண்டான். மறுநாள் உடலைக் காணவில்லை. கூடாரத்தில் பொன் கிண்ணங்களும் சமையல்காரர்களும் அப்படியே இருந்தார்கள்.

அதே களத்தில் 40,000 பேரோடு இன்னொரு தளபதி பின்னால் வந்துகொண்டிருந்தான். அர்தபாஸஸ், ஃபர்னகஸின் மகன். முத்திரையைத் தொலைத்த பர்னகாதான் அந்த ஃபர்னகஸ் என்று ஆய்வாளர் பலரும் ஏற்கிறார்கள். போரிட வேண்டாம், தீப்ஸ் கோட்டைக்குப் பின்வாங்கிப் பணத்தைக் கொண்டு கிரேக்கரைப் பிரிக்கலாம் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான், மர்டோனியஸ் கேட்கவில்லை. முன்னணி உடைந்து ஓடுவதைப் பார்த்ததும் அர்தபாஸஸ் படையைத் திருப்பினான். தெசாலிக்காரர்கள் விருந்து வைத்து விசாரித்தபோது, அவசர வேலையாகப் போகிறேன், மர்டோனியஸ் பின்னால் வருகிறான், நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே வெட்டியிருப்பார்கள். கணக்கனின் மகன் என்பது இந்த இடத்தில் தெரிகிறது. செர்க்சஸ் அவனைத் தண்டிக்கவில்லை. ஆசியா மைனரின் வடமேற்கில் தஸ்கிலியம் மாகாணத்தைக் கொடுத்தான். அது தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்திலேயே இருந்தது.

பெர்சிபோலிஸ் கி.மு. 330-இல் விழுந்தது. வழியிலிருந்த மலைக்கணவாயில் அரியோபர்சனஸ் என்ற தளபதி அலெக்சாந்தரை மறித்து நின்றான். உள்ளூர் ஆள் காட்டிய மலைப்பாதையால் சுற்றிவந்து பின்னால் தாக்கினார்கள். கருவூலத்தைக் காத்த திரிதாதஸோ, வாருங்கள், கொள்ளை போகுமுன் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அலெக்சாந்தருக்கே ஆள் அனுப்பினான். உள்ளே 1,20,000 தாலந்து இருந்ததாக தியோதோரஸ் எழுதுகிறார். அதைச் சுமக்க 10,000 ஜோடிக் கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் வேண்டியிருந்ததாக புளூடார்க். நான்கு மாதம் கழித்து விருந்துப் போதையில் தீ வைத்தார்கள். தேவதாரு உத்தரங்கள் எரிந்து விழுந்தன.

கடைசி அரசன் மூன்றாம் டேரியஸ் கிழக்கே ஓடினான். அவனுக்குப் பக்கத்திலேயே வந்த பாக்ட்ரியாவின் ஆளுநன் பெஸ்ஸஸ் அவனைக் கட்டிப்போட்டான். பிறகு ஈட்டியால் குத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசிவரை அரசனை விடாமல் கூட வந்த கிழவர் ஒருவர் உண்டு. அவர் பெயரும் அர்தபாஸஸ். பர்னகாவின் அதே தஸ்கிலியக் குடும்பம். முன்பு கலகம் செய்து தோற்று, மாசிடோனியாவில் பிலிப்பிடம் அகதியாகச் சில ஆண்டுகள் இருந்தவர். சிறுவன் அலெக்சாந்தரை அப்போதே தெரியும். அரசன் செத்த பிறகு பிள்ளைகளோடு வந்து பணிந்தார். அலெக்சாந்தர் மரியாதையாக ஏற்று, பெஸ்ஸஸ் இருந்த பாக்ட்ரியாவின் ஆளுநர் பதவியையே அவருக்குக் கொடுத்தான். கி.மு. 328-இல், வயதாகிவிட்டது, விடுவியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். விடுவித்தான். அடுத்து அந்தப் பதவிக்குக் குறித்தது, கிரானிகஸ் போரில் அலெக்சாந்தரின் தலைக்கு நேரே ஓங்கிய வாளைக் கையோடு வெட்டிவீழ்த்தி அவன் உயிரைக் காத்த கிளைட்டஸை. சமர்கந்தில் நடந்த விருந்தில் இருவருக்கும் வாய் முற்றியது. போதையில் இருந்த அலெக்சாந்தர் காவலன் கையிலிருந்த ஈட்டியைப் பிடுங்கி கிளைட்டஸைக் குத்திக் கொன்றான். பாக்ட்ரியா நிக்கோலாஸின் மகன் அமிந்தாஸுக்குப் போயிற்று.